பாட்டில் பிரஷ் செடிக்கு ஹெர்பேரியம் பதிவு: மூணாற்றுப் பக்கத்துச் செய்முறை

மூணாற்றுப் பக்கம் பாட்டில் பிரஷைத் தேடிப் போக வேண்டியதில்லை. எஸ்டேட் பங்களா வாசல், தொழிலாளர் பேர் பதிகிற மஸ்டர் ஆபீஸ் முற்றம், பள்ளிக்கூட வேலி என்று எங்காவது ஒன்று சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் தேன்சிட்டுகள் அதில்தான் கிடக்கும். ஆனால் இவ்வளவு கண்ணில் படுகிற செடிக்கு ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) ஷீட் (செடியை ஒட்டிய அட்டை) தேடினால் சோலைக்குள் ஒளிந்திருக்கும் ஆர்க்கிடுக்குக் கிடைக்கிற அளவுகூடக் கிடைக்காது. நட்டு வளர்த்த செடிதானே என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான் அழுத்தி உலர்த்திய முதல் பாட்டில் பிரஷ் ஷீட்டை ஒரு கல்லூரிக்கு எடுத்துப் போனபோது, "தோட்டத்துச் செடியெல்லாம் நாங்க வாங்குறதில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த எண்ணம் தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த தோட்டத்துச் செடிதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது, இன்று நம் காட்டோரம் முழுக்க நிற்கிறது. எந்த மலையில் எப்போது அது வேலியைத் தாண்டியது என்று சொல்ல, யாரோ அன்று அழுத்தி வைத்த ஷீட்டுகளை விட்டால் வேறு சாட்சி குறைவு. பாட்டில் பிரஷும் அப்படிப் பரவும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவான மெலலூக்கா குவின்குனெர்வியா, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்டு, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருங்காடாகப் பரவிவிட்டது. நம் ஊரில் நிற்கிற செடியை இப்போதே எழுதி வைத்தால்தான் 50 வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு ஒப்பிட ஏதாவது இருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: நட்டதா, தானாக முளைத்ததா? அழகுச் செடியின் பதிவில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பாட்டில் பிரஷ் யூக்கலிப்டஸ், கொய்யா, நாவல் எல்லாம் இருக்கிற மிர்ட்டேசி குடும்பம். இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை கலந்த தைல வாசனை வரும். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. நம் பக்கம் பெரும்பாலும் இரண்டு வகையின் பெயரைக் கேட்பீர்கள்: காலிஸ்டெமான் சிட்ரினஸ், காலிஸ்டெமான் விமினாலிஸ்.

ஒரு பூக்கதிரை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு பூவை நகத்தால் கிள்ளுங்கள். 10 மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது. சிவப்பாகத் தெரிவது இதழ் இல்லை, மகரந்தத்தாள்கள். இதழ்கள் ஐந்து. மீன் செதில் மாதிரி சிறியதாக, பச்சை கலந்து, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சீக்கிரம் உதிர்ந்துவிடும். இப்போது ஊசி முனையால் மகரந்தத்தாள்களின் அடியை விலக்குங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தால் சிட்ரினஸ் பக்கம். அடியில் குட்டி வளையமாகச் சேர்ந்திருந்தால் விமினாலிஸ் பக்கம். கிளைகள் அழுகிற மாதிரி தொங்குவதும் விமினாலிஸின் அடையாளம்தான், ஆனால் அதை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். நர்சரிகளில் கலப்பினங்கள் நிறைய. சந்தேகம் இருந்தால் "காலிஸ்டெமான், இனம் உறுதியில்லை" என்று எழுதுவதில் வெட்கமே வேண்டாம். தவறான பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

இந்தச் செடியின் இன்னொரு அழகு அதன் கிளை. கதிர் பூத்து முடிந்ததும் அதன் நுனி நின்றுவிடாது, அதிலிருந்தே மறுபடி இலைத் தளிர் நீளும். பூ இருந்த இடத்தில் காய்கள் கிளையைச் சுற்றி மணி கோத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும். அதனால் ஒரே கிளையில் மேலே பூ, நடுவில் இலை, கீழே பழைய காய் என்று எல்லாமே கிடைத்துவிடும். ஆனால் காய்க்கொத்துகளை எண்ணி "இத்தனை வயது" என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேலும் பூக்கிறது.

பழைய பதிவுகளைத் தேடும்போது

கிளை வெட்டுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜிபிஃப் என்கிற உலகத் தரவுத்தளம் இலவசம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் இணைய ஹெர்பேரியமும் உண்டு. நேரில் போக முடிந்தால் கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் நமக்குப் பக்கம். 1853இல் சென்னையில் தொடங்கியது, 1909இல் கோவைக்கு வந்தது. உலக அளவில் அதன் குறியீடு எம்ஹெச். கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்திலும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்திலும் ஹெர்பேரியம் இருக்கிறது.

தேடும்போது புதியவர்கள் இடறுகிற முதல் இடம் பெயர்தான். சிட்ரினஸ் என்கிற ஒரே செடிக்கு நாலு பெயர். தாவரவியலாளர் கர்ட்டிஸ் 1794இல் வைத்த பெயர் மெட்ரோசைடெராஸ் சிட்ரினா. இந்தியாவின் பழைய புத்தகங்களிலும் லேபிள்களிலும் அதிகம் காண்பது காலிஸ்டெமான் லான்சியோலேட்டஸ். 1913இல் ஸ்கீல்ஸ் அதைக் காலிஸ்டெமான் சிட்ரினஸ் ஆக்கினார். மெலலூக்கா சிட்ரினா என்ற பெயரும் 1802இலிருந்தே இருக்கிறது. 2006இல் கிரேவன் காலிஸ்டெமான் இனங்கள் பலவற்றை மெலலூக்கா என்ற பேரினத்துக்குள் கொண்டுபோன பிறகு அந்தப் பெயர் மறுபடி புழக்கத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் பலர் இன்னும் காலிஸ்டெமான் என்றே சொல்கிறார்கள். எது சரி என்று நாம் சண்டை போட வேண்டாம். நாலு பெயரிலும் தேடுங்கள், அவ்வளவுதான். ஒரே பெயரில் தேடிவிட்டு "கேரளத்தில் பதிவே இல்லை" என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, பதிவின் வகை. ஜிபிஃபில் வருவதெல்லாம் ஷீட் இல்லை. போட்டோ எடுத்து ஏற்றியதும் அங்கே வரும். "பாதுகாக்கப்பட்ட மாதிரி" என்ற வடிகட்டியைப் போட்டால்தான் உண்மையான ஷீட்டுகள் மட்டும் நிற்கும். போட்டோ ஏற்றுகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் "வளர்ப்புச் செடி" என்று குறிக்க ஒரு இடம் இருக்கிறது. அதைக் குறிக்காமல் விட்டால் பங்களா வாசல் மரமும் காட்டு மரமாகக் கணக்கில் ஏறிவிடும். நீங்கள் போட்டோ போடுகிறவராக இருந்தால் தயவுசெய்து அதைக் குறியுங்கள்.

மூன்றாவது, இடம். இதுதான் நம் எல்லைப் பகுதியில் பெரிய தலைவலி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26இல்தான் பிறந்தது. அதற்கு முன் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்கள் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. ஆகவே 1960களில் மூணாற்றில் எடுத்த ஷீட்டில் "கோட்டயம் மாவட்டம்" என்று இருந்தால் அது பிழையே இல்லை. 1956க்கு முன் என்றால் திருவிதாங்கூர் அல்லது திருவிதாங்கூர்-கொச்சி. இந்த மலைப்பகுதி முழுவதற்கும் பொதுவான "ஹை ரேஞ்ச்" என்ற பெயரை மட்டும் எழுதியதும் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறும், தேவிகுளத்தை "தேவிகோலம்" என்று படிக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். டாப் ஸ்டேஷனுக்கு மூணாறு வழியாகத்தான் போகிறோம், ஆனால் காட்சிமுனை தேனி மாவட்டத்தில், தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே எடுத்த செடியைக் கேரளம் என்று போட்ட ஷீட் கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

உயரம் பழைய லேபிள்களில் அடியில் இருக்கும். 5000 அடி என்றால் 1524 மீட்டர். அட்சரேகை "10 டிகிரி 5 நிமிடம்" என்று இருந்தால் நிமிடத்தை 60ஆல் வகுத்துக் கூட்டுங்கள், 10.0833 வரும். ஒரு நிமிடம் தரையில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் என்பதால், நிமிடத்தோடு நின்றுவிட்ட பதிவை வைத்துக்கொண்டு "இந்த மரம்தான் அது" என்று சொல்ல முடியாது. 10, 77 என்று முழு எண்ணாக மட்டும் இருந்தால் இன்னும் மோசம். மூணாற்றுச் செடி வரைபடத்தில் அடிமாலிக்குக் கிழக்கே போய் உட்காரும்.

பழைய ஷீட்டுகளை நேரில் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க மெர்க்குரிக் குளோரைடு பூசுவார்கள். அது விஷம். கையுறை போடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

கிளை எடுப்பது

முதலில் அனுமதி. லயத்து வீட்டு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) வாசல் என்றால் வீட்டுக்காரரிடம், எஸ்டேட் நிலம் என்றால் ஆபீஸிலும். இரவிகுளம், பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை, சின்னார் மாதிரி இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் கீழே விழுந்த கிளையைக்கூட எடுக்கக் கூடாது.

அனுமதி கேட்கப் போகும்போதே பாதிப் பதிவு கிடைத்துவிடும். தேவிகுளம் சாலையில் ஒரு லயத்து முற்றத்து மரத்தைப் பற்றி, அங்கே இருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரிடம் கேட்டேன்.

"பெரியம்மா, இது யாரு வச்ச மரம்?"

"எங்க மாமனார் வச்சது தம்பி. பங்களா தோட்டத்துல வேலை பார்த்தாரு. கவாத்து பண்ணின குச்சிய ஒண்ணு கொண்டாந்து ஊனினாரு."

"எந்த வருஷம்னு ஞாபகம் இருக்குதா?"

"வருஷம் எங்க தெரியும்? எங்க பெரியவன் பொறந்து நடக்கப் பழகுறப்ப இது என் இடுப்பு உசரம் இருந்துச்சு."

பெரிய மகனின் வயதைக் கேட்டால் வருடம் வந்துவிடுகிறது. வயதானவர்களிடம் எப்போதும் இப்படி ஏதாவது ஒரு நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். இந்த மலையில் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிற நினைவு 1924 வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் "தொண்ணூத்தொம்பது வெள்ளம்" என்பார்கள். பங்களாத் தோட்டத்தில் பழைய மரம் இருந்தால் அதற்கு முன்பா பின்பா என்று வீட்டில் பேச்சு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதை "சொன்னவர் கூற்று" என்று தெளிவாக எழுதுங்கள், நீங்கள் கண்டதோடு கலக்க வேண்டாம்.

இன்னொன்று கவனியுங்கள். பெரியம்மா சொன்ன மரம் குச்சி ஊன்றி வந்தது. அதாவது அது பங்களா மரத்தின் அதே உடம்பு. பங்களா மரத்திலும் ஒரு கிளை எடுத்தால் இரண்டு ஷீட்டும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும்.

கவாத்துக் கத்தியாலோ செடி வெட்டும் கத்தரியாலோ 30 சென்டிமீட்டர் கிளை ஒன்று வெட்டுங்கள். பூ, இளம் இலை, முதிர்ந்த இலை, பழைய காய் நான்கும் அதில் இருக்கட்டும். ஒரே மரத்தில் மூன்று கிளை எடுத்தால் மூன்று ஷீட் ஆகும், மூன்றுக்கும் ஒரே எண். பக்கத்து மரம் என்றால் வேறு எண். உங்கள் சேகரிப்பு எண் 1இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஒரே வரிசையாகப் போக வேண்டும். வருடா வருடம் மறுபடி 1 என்று ஆரம்பித்தால் பிற்காலத்தில் யாராலும் பிரிக்க முடியாது.

அப்புறம், ஷீட்டில் தெரியாததை அங்கேயே நின்று நோட்டில் எழுதுங்கள். மரத்தின் உயரம், கிளை நிமிர்ந்ததா தொங்குகிறதா, பட்டை எப்படி, பூவின் நிறம், வாசனை. உலர்ந்தால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். பிறகு குனிந்து மரத்தடியையும் பக்கத்து ஓடையையும் பாருங்கள். நாற்று இருக்கிறதா? இருந்தால் எத்தனை, எவ்வளவு தூரத்தில்? இல்லையென்றால் "நாற்று இல்லை" என்று எழுதுங்கள். இந்த "இல்லை" மிகவும் விலையுள்ள சொல், பலரும் எழுதாமல் விடுவது.

அழுத்தி உலர்த்துவது

இரண்டு ப்ளைவுட் பலகை, பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி அட்டை, கயிறு. இவ்வளவு போதும். பாட்டில் பிரஷில் சிக்கல் காய்தான். காய் கட்டியாக இருப்பதால் பலகையைத் தூக்கிக்கொள்ளும், இலை மேல் அழுத்தம் விழாது, இலை சுருங்கிப்போகும். செய்தித்தாளைக் காயின் கனத்துக்கு மடித்து, காயைச் சுற்றி மெத்தை மாதிரி வையுங்கள். மேல்பரப்பு சமமானதும் கட்டுங்கள். கதிரின் ஒரு பக்கத்துப் பூக்களைக் கத்தரித்துவிட்டால் மறுபக்கம் நன்றாகப் படியும். கத்தரித்ததைத் தூக்கி எறியாமல் தனியாக உலர்த்துங்கள், பின்னால் பிரித்துப் பார்க்க உதவும். இரண்டு இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி வையுங்கள்.

முதல் நாலு நாள் தினமும் பேப்பர் மாற்ற வேண்டும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறையூர் மழைமறைவுப் பகுதி, அங்கே ஒரு வாரத்துக்குள் உலர்ந்துவிடும். மூணாற்று ஜூன், ஜூலையில் இரண்டு வாரம் ஆகும், ஒரு நாள் பேப்பர் மாற்ற மறந்தால் பூசணம். நான் அப்படி ஒரு கட்டு முழுவதையும் இழந்திருக்கிறேன். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே விறகு காயப் போடுகிற பரணில் வைக்கலாம். நேராக நெருப்புச் சூடு பட்டால் இலை கருகும், கவனம். உலர்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கடைசி நாள்களில் பேப்பரைப் பிரிக்கும்போது காய்க்கு அடியில் பொடி மாதிரி ஏதோ கொட்டியிருக்கும். தூசி என்று தட்டிவிடாதீர்கள், விதை. மரத்தில் இருக்கும்வரை காய் இறுக மூடியிருக்கும். கிளை காய்ந்ததும் வாய் திறந்து விதையை விட்டுவிடும். ஒரு விதையை வெள்ளைப் பேப்பரில் வைத்து மூச்சு விட்டால் பறந்துபோகும், அவ்வளவு சிறியது. அதைக் காகித உறையில் மடித்து ஷீட்டிலேயே ஒட்ட வேண்டும். மிச்சத்தை முற்றத்தில் கொட்டாமல் அடுப்பில் போடுங்கள். பதிவு செய்யப் போய் நாமே பரப்பிவிடக் கூடாது.

உலர்ந்ததும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்து, பை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஒட்டுகிற அட்டை 42க்கு 28 சென்டிமீட்டர், நம் நாட்டு ஹெர்பேரியங்களில் வழக்கமான அளவு. காய் உள்ள கட்டைப் பகுதியைப் பசை தாங்காது, ஊசி நூலால் தைத்துவிடுங்கள்.

லேபிள்

லேபிள் கீழே வலது மூலையில் வரும். ஹெர்பேரியங்களுக்கு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும், ஆனால் உள்ளூர்ப் பெயரைத் தமிழ் எழுத்திலும் சேருங்கள். என் லேபிள் ஒன்றைத் தமிழில் தருகிறேன்:

குடும்பம்: மிர்ட்டேசி
பெயர்: காலிஸ்டெமான் விமினாலிஸ் (மெலலூக்கா விமினாலிஸ்)
உள்ளூர்ப் பெயர்: பாட்டில் பிரஷ்
இடம்: இந்தியா, கேரளம், இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா, மூணாறு–தேவிகுளம் சாலையோர லயம், முற்றத்தின் கிழக்கு மூலை
அட்ச, தீர்க்கரேகை: 10.0712, 77.0893, பிழை வரம்பு 10 மீட்டர்
உயரம்: 1640 மீட்டர்
நிலை: நட்டு வளர்த்தது. குச்சி ஊன்றி வந்தது (வீட்டார் கூற்று). 20 மீட்டர் சுற்றளவில் நாற்று இல்லை
குறிப்பு: சிறுமரம், 5 மீட்டர், கிளைகள் தொங்கும், மகரந்தத்தாள் சிவப்பு, அடியில் வளையமாக இணைந்தது, கசக்கினால் எலுமிச்சை வாசனை
தேதி: 14 மார்ச் 2024
சேகரித்தவர் பெயர், எண்: 47

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 7/8 என்று போட்டால் ஆகஸ்டா ஜூலையா என்று தெரியாது. தாவரவியலாளர்கள் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதியது இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

"நிலை" என்ற வரியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். நட்டது, நட்டதிலிருந்து தானாக முளைத்தது, நட்ட இடத்திலிருந்து விலகித் தானாக வளர்ந்து பூக்கிறது. இந்த மூன்றில் எது என்று எழுதுங்கள். கைவிட்ட பங்களாத் தோட்டங்களில் இது குழப்பும். சுற்றிலும் காடு மூடியிருக்கும், நடுவில் பாட்டில் பிரஷ் நிற்கும், பார்த்தால் காட்டுமரம் மாதிரியே இருக்கும். அப்போது பக்கத்தில் ரோஜா, ஹைட்ரேஞ்சியா, கல் படி, பழைய அஸ்திவாரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று மரமாவது ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றால் மனிதக் கை பட்டது. பார்த்ததை லேபிளில் எழுதுங்கள். முடிவு கட்ட முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

ஷீட்டைக் கொடுத்த பிறகு

ஒரு ஹெர்பேரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு ஷீட்டைக் கொடுங்கள். "தோட்டச் செடி" என்று தயங்கினால் லேபிளின் நிலை வரியையும் நாற்றுக் குறிப்பையும் காட்டுங்கள். இரண்டாவது முறை நான் போன இடத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் தரும் பதிவு எண்ணை உங்கள் நோட்டில் அந்தச் சேகரிப்பு எண்ணுக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள். பின்னாளில் யாராவது பெயரைத் திருத்தினால் உங்கள் லேபிளை அடித்து எழுத மாட்டார்கள். பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, தங்கள் பெயரும் ஆண்டும் போடுவார்கள். உங்கள் நோட்டிலும் அப்படியே செய்யுங்கள், பழையதை அழிக்காதீர்கள்.

மழை முடிந்ததும், அக்டோபரிலோ நவம்பரிலோ, அதே மரத்தடிக்கு மறுபடி போங்கள். ஓடைக்கரை, கல்லிடுக்கு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே உள்ள பாதை, இந்த மூன்று இடத்திலும் ஈரம் நிற்கும் என்பதால் அங்கே குனிந்து பாருங்கள். நாற்று மாதிரி ஏதாவது தெரிந்தால் ஒரு இலையைக் கிள்ளி முகருங்கள். எலுமிச்சை வாசனை வந்தால் போட்டோ எடுத்து, தாய்மரத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து, புதிய எண் போடுங்கள். 47ஆம் எண் மரத்தை நான் நவம்பரில் பார்த்தேன். நோட்டில் எழுதியிருப்பது: 9 நவம்பர் 2024, நாற்று இல்லை.